அப்பா அசுரன் கட்சி

எங்கள் அப்பாவுக்குக் கடவுள் கிடையாது. ஆனால் டூரிங் கொட்டகையில் மாயாஜாலப் படம் மாற்றியிருக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், லோடு இறக்கிய கையோடு லாரியைக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் நிறுத்திவிடுவார். குளிக்கக்கூட மாட்டார். பறக்கும் கம்பளம், பேசும் கிளி, வானத்திலிருந்து பூ, நினைத்த நேரத்தில் புகைக்குள்ளிருந்து வந்து கையைத் தூக்கி நிற்கிற கடவுள், இதெல்லாம் இருந்தால்தான் அவருக்கு அது படம். குடும்பப் படம் என்றால், "நம்மூட்டுல இல்லாத அழுவாச்சியா" என்று பாதியில் எழுந்து போய்விடுவார்.

எங்கள் ஊர் சேந்தமங்கலத்துக்கு மேற்கே. கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. திரையில் சாமி தோன்றினால் சனம் முழுக்க எழுந்து நிற்கும். கொட்டகைக்காரர் ஒரு தட்டில் கற்பூரம் கொளுத்தி, ஊரில் நாலு பேர் மதிக்கிற யாராவது ஒருவர் கையில் கொடுத்துத் திரைக்குக் காட்டச் சொல்வார். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அத்தனை பேரும் நிற்க, எங்கள் அப்பா மட்டும் கறுப்புச் சட்டையோடு பெஞ்சில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கடலை தின்பார். கற்பூரம் அணைந்து எல்லோரும் உட்கார்ந்ததும் அசுரன் வருவான். தொப்பையும் மீசையுமாக, எங்கே அந்தக் கடவுள் என்று கத்திக்கொண்டு வருவான். அப்போது கொட்டகையில் ஒரே ஒரு ஆள் கை தட்டுவது கேட்கும். விசில் வேறு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் தாவணியை இழுத்து முகத்தில் போட்டுக்கொள்வேன். காலேஜுக்குப் போகிற பெண்ணுக்கு இப்படி ஒரு அப்பா இருந்தால் வேறு என்ன செய்வது?

வீட்டுக்குத் திரும்பும்போது லாரிக்குள் சண்டை நடக்கும். நான் நாமக்கல்லில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கணக்குப் படிக்கிறவளுக்கு எதையும் நிரூபிக்காமல் விடப் பிடிக்காது.

"ஏனுங்கப்பா, அந்த அசுரனுக்கு எதுக்குக் கை தட்றீங்க? அவன் உங்களாட்டவா? தவம் இருந்து அதே சாமிகிட்ட வரம் வாங்குனவன். நேருல பாத்துப்போட்டு அப்பறம் சாமியாவது பூதமாவதுங்கறவன் பகுத்தறிவுக்காரனா, லூசா?"

அப்பா கியர் மாற்றிக்கொண்டே சொல்வார். "அவன் எங்க இல்லீன்னு சொன்னான்? கும்புட மாட்டேங்கறான், அவ்வளவுதான். தாசில்தாருந்தான் இருக்கறாரு. அவரு இல்லீன்னு நான் சொன்னனா? அதுக்குன்னு பாக்கறப்பல்லாம் உளுந்து கும்புடறனா?"

"தாசில்தாரு உலகத்தப் படைக்கலீங்களே."

"படைச்சிருந்தா இன்னும் ரண்டு கேள்வி சேத்தித்தான் கேக்கோணும். லாரிக்குப் பாடி கட்டுனவனத்தான அம்மிணி, கதவு ஏன் மூட மாட்டேங்குதுன்னு கேக்க முடியும்?"

எனக்கு அது ஒப்பாது. இந்த உலகத்தில் சாமியை யாரும் பார்த்ததில்லை, அதனால் நீங்கள் இல்லை என்கிறீர்கள், அதில் அர்த்தம் இருக்கிறது. சாமி தெருவில் நடமாடுகிற உலகத்தில் ஒருவன் நாத்திகன் என்று சொல்லிக்கொண்டால் அவனுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்வேன். அவர், "அர்த்தம் இல்லாமயா அத்தன பெரிய மீச வெச்சிருக்கறான்?" என்பார். அம்மா நடுவில் கொட்டாவி விட்டபடி, "ரண்டு பேரும் ரோட்டப் பாருங்க" என்பாள். நான் ரோட்டைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

எங்கள் லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற லாரிகளில் முன்கண்ணாடிக்கு மேலே இருக்கும் பலகையில் ஏதாவது ஒரு சாமி பேர் இருக்கும். எங்கள் பலகையில் வெறும் மஞ்சள் பெயின்ட். பட்டறைகளில் அதற்கு மொட்டை வண்டி என்றே பேர். அமாவாசைக்கு எலுமிச்சம்பழம் நசுக்குவது, பூ சுற்றுவது ஒன்றும் கிடையாது. அந்தக் கால லாரிகளில் இன்ஜின் பாதி கேபினுக்குள் இருக்கும். டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவில் ஒரு இரும்பு மூடி போட்டு மூடியிருப்பார்கள். வண்டி ஓட ஓட அது தோசைக்கல் மாதிரிக் காயும். மற்ற டிரைவர்கள் அதில் சாமி படத்தைச் சாய்த்து வைத்து ஊதுபத்தி கொளுத்துவார்கள். அப்பா ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் அம்மா கட்டிக் கொடுத்த சோற்றுக் கேரியரை வைப்பார். ஓசூர் போய்ச் சேரும்போது குழம்பு கொதிக்கக் கொதிக்க இருக்கும். "எவன் வண்டியிலயோ சாமி இருக்கட்டும், எம்பட வண்டியில அடுப்பு இருக்குது" என்று பெருமையடித்துக்கொள்வார்.

சினிமாவில் சாமி ஒரு படத்துக்கு நாலு தடவை வந்தால் அதிகம். எங்கள் ஊரில் அவள் வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்தாள். ஆத்தா என்றுதான் சொல்லுவோம், பேர் சொல்ல மாட்டோம். போர் போட ரிக் வண்டி வந்தால் முதலில் அவளைக் கேட்க வேண்டும். தண்ணீர் வந்தால் அவள் காட்டிய இடம். புகை மட்டும் வந்தால் நாம் அவளுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம். எப்படிப் பார்த்தாலும் ஜெயிப்பது அவள்தான். பூசாரி மேல் வந்து இறங்கினாளென்றால் எந்த வீட்டில் மாமியாருக்குச் சோறு சரியாகப் போடவில்லை என்பதுவரை சொல்லிவிட்டுத்தான் மலையேறுவாள். அவளை நம்புகிறாயா என்று எங்கள் ஊரில் யாரையாவது கேட்டிருந்தால் அவர்களுக்குக் கேள்வியே புரிந்திருக்காது. பக்கத்து வீட்டுக்காரியை நம்புகிறாயா என்று யாராவது கேட்பார்களா? இருக்கிறாள், அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் அப்பா பார்த்த மாயாஜாலப் படங்களெல்லாம் எங்கள் ஊரைவிடச் சுமார்.

எங்கள் பங்காளிகள் வகையறாவில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் ஆத்தா உத்தரவு வேண்டும். ஒரு கிடாயைக் கோயில் முன்னால் நிறுத்தி, காவிரித் தீர்த்தத்தில் மஞ்சள் கலந்து அதன் தலையிலும் முதுகிலும் சொம்பு சொம்பாக ஊற்றுவார்கள். கிடாய் உடம்பை உதற வேண்டும். அதற்குத் துலுக்குவது என்று பேர். துலுக்கினால் ஆத்தா சம்மதித்துவிட்டாள், கல்யாணம் நடக்கும், கிடாய் குழம்பாகும். மூன்று சொம்புக்கும் துலுக்காவிட்டால் கிடாயும் பிழைத்தது, கல்யாணமும் நின்றது. ஆனால் துலுக்காத கிடாயை எங்கள் வகையறாவில் யாரும் பார்த்ததில்லை. அப்பா இதைக் கேட்டாலே சிரிப்பார்.

"பச்சத்தண்ணிய மண்டையில ஊத்துனா நானுந்தான் துலுக்குவேன். அதுக்குன்னு என்னைய வெட்டிக் கொழம்பு வெச்சிருவீங்களா?"

பங்காளிகளில் மூத்தவர் என்பதால் தீர்த்தம் ஊற்றுகிற உரிமை அவருடையது. அவர் அதை எப்போதோ சித்தப்பா தலையில் கட்டிவிட்டு, கிடாவெட்டு நாளில் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் சரியாக வந்து இலையில் உட்கார்ந்துவிடுவார். சாமி இல்லை, குழம்பு உண்டு என்பது அவர் கொள்கை.

எழுபதுகளின் கடைசியில், நான் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. வந்தது என்று சொல்வது தப்பு, விழுந்தது. அம்மாவின் அண்ணன், என் தாய்மாமன், தன் பெரிய மகளைக் குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். அந்த வீட்டுக்கு ஏதோ விசேஷத்துக்குப் போனவர், சம்பந்தியம்மா பரிமாறிய மைசூர்பாகை வாயில் வைத்த நிலையில், அவர்களுடைய இளைய மகனுக்கு என்னைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். என்னைக் கேட்கவில்லை. அம்மாவையும் அப்பாவையும்கூடக் கேட்கவில்லை. மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தார். நல்ல உயரம், நல்ல நிறம், குறை சொல்ல முடியாது. என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார். நூல் சுற்றத் தெரியுமா என்பது ஒன்று. படிப்பை இந்த வருஷத்தோடு நிறுத்திவிடலாமா, தறிக்கு ஆள் பற்றவில்லை என்பது இன்னொன்று.

எனக்கு டீச்சராக வேண்டும். கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டு, அது விடையில் போய் முடிகிறபோது நாற்பது பிள்ளைகள் வாயைப் பிளக்க வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது. மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லியிருப்பேன். ஆனால் அவர்கள் போகும்போது மாமன் மகள் என்னைத் தனியாக மாட்டுக்கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்னு மட்டும் சொல்லிப்போடாத அம்மிணி. எங்கப்பன் வாக்குக் குடுத்துட்டாரு. அது தவறுச்சுன்னா எங்க மாமியா என்னைய ஊட்டுல வெச்சிருக்க மாட்டா."

பொய்யில்லை. அவளை ஏற்கெனவே ஒருமுறை, மாமன் ஒரு காதுகுத்துக்கு நேரத்துக்கு வரவில்லை என்பதற்காக, பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைத்திருந்தார்கள். பால்குடி மறக்காத பிள்ளையோடு மாசக்கணக்கில் மாமன் வீட்டில் கிடந்தாள். இப்போது இரண்டு பிள்ளைகள். நான் மாட்டேன் என்றால் அவள் வாழ்க்கை போகும். மாட்டேன் என்று சொல்லாவிட்டால் என் வாழ்க்கை போகும்.

அப்பாவிடம் போய் நின்றேன். அவர் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கப்பா, நீங்க எல்லாத்தையும் வேண்டாங்கறவருதான. இதையும் வேண்டாம்னு சொல்லுங்க."

"நான் சொல்லிப்போடுவேன். அந்தப் புள்ள ரண்டு கொழந்தையத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிக்குமே, அப்ப என்ன பண்றது?"

"அப்ப நான் போய் நூல் சுத்தட்டுமா?"

"இது மனுசன் வேண்டாம்னு சொல்ல முடியாத எடம் அம்மிணி" என்றார். வெளியே வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் இருக்கிற சாமியையெல்லாம் கிண்டலடித்த வாய், ஒரு மைசூர்பாகுக்கு முன்னால் அடங்கிவிட்டதே என்று அழுதேன்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. இரண்டு நாள் கழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மாவிடம் சொன்னார், "இந்தத் தடவ தீர்த்தம் நானே ஊத்தறேன். மூத்தவன் நானிருக்கறப்ப தம்பி எதுக்கு?" அம்மா கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டுச் சேலைத் தலைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமன் சைக்கிளில் பறந்து வந்து, "மாப்ளெ திருந்தீட்டாரு, எல்லாம் நான் கொண்டுவந்த சம்பந்தத்தோட ராசி" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். டீக்கடையில் அப்பாவுக்கு ஓசி டீ கிடைத்தது. அசுரன் கட்சி போய் ஆத்தாளோடு கூட்டணி வைத்துவிட்டதே என்று எனக்கு வயிறு எரிந்தது. அன்றிலிருந்து அவரோடு நான் பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அவர் காதுபட மாட்டிடம் சொல்வேன்.

பங்குனி மாதத்தில் நாள் குறித்தார்கள். காலையில் குமாரபாளையம் போய், மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் பெண் தன் கையால் காவிரியில் தீர்த்தம் மொள்ள வேண்டும். புதுப் பித்தளைக் குடம், வாயில் மஞ்சள் துணி. கோயில் போய்ச் சேரும்வரை அது தரையில் படக்கூடாது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேனில் ஏறிக்கொண்டார்கள். எங்கள் சனம் லாரியின் பின்னால் கிடாயோடு ஏறி நின்றது. கேபினில் அப்பா, நான், அம்மா. குடம் என் மடியில்.

வண்டியை எடுப்பதற்கு முன் அப்பா இன்ஜின் மூடிமேல் சாக்கை மடித்துப் போட்டுத் தட்டிக் காட்டினார். "மடியில வெச்சா சிந்தும். இங்க வையி."

"தீர்த்தத்தக் கீழ வெக்கக் கூடாதுங்க" என்றாள் அம்மா.

"இது கீழயா? நல்லா ஒசரத்துலதான இருக்குது."

நான் குடத்தைச் சாக்கின்மேல் வைத்தேன். அம்மா குடத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கோயில் போய்ச் சேரும்வரை கரும்புக் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அன்றைக்கு வண்டி ஓட்டிய லட்சணம் இருக்கிறதே. மேடில்லை பள்ளமில்லை, சமதரை ரோட்டில் இரண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு போனது லாரி. சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போனார்கள். பின்னாலிருந்து கேபினைத் தட்டி, "ஏனுங் மாமா, வண்டி ஏறலீங்களா?" என்று கத்தினார்கள். "தீர்த்தம் சிந்தீருமல்லொ" என்று பதில் கத்தினார். இவ்வளவு பக்தியா இந்த மனுஷனுக்கு என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கோயிலில் இறங்கும்போது நடு மத்தியானம். குடத்தைத் தூக்கலாம் என்று அடியில் கை கொடுத்தேன். சுரீரென்று சுட்டது. கையை எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தாவணியச் சுத்திப் புடிச்சுத் தூக்கு அம்மிணி" என்றார், கண்ணாடியிடம் சொல்வதுபோல. "வேற ஆரு கையிலயும் குடுத்தராத."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மனுசன் வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் அதைச் சொல்வதற்கு அவர் ஆளைப் பிடித்துவிட்டார். அந்த ஊரில் வேண்டாம் என்று சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச முடியாத ஒரே ஆளை, ஆத்தாளையே. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். கல்யாணப் பெண்ணுக்கு வெட்கம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

பூசாரி மணியடித்துப் பூசை முடிப்பதற்குள் அப்பா குடத்துக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். சனம் அவர் தீர்த்தத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதாக நினைத்தது. யாரும் சந்தேகப்பட்டுவிடக் கூடாதே என்று கடைசியில் ஒற்றிக்கொள்ளவும் செய்தார். சூடு தணிந்து, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதத்துக்கு வந்திருந்தது.

மஞ்சளைப் போட்டுக் கலக்கி முதல் சொம்பை ஊற்றினார். அவசரமில்லாமல், நெற்றியிலிருந்து முதுகு வழியாக, எண்ணெய் தேய்த்து விடுகிறமாதிரி ஊற்றினார். கிடாய் நின்றது. பூசாரி உடுக்கையை வேகமாக அடித்தார். இரண்டாவது சொம்பு. கிடாய் முன்காலை ஒருமுறை மாற்றி வைத்தது. "ஆத்தா, கொறை இருந்தா மன்னிச்சுக்கோ" என்று பூசாரி விழுந்து கும்பிட்டார். மூன்றாவது சொம்புக்குக் கிடாய் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு அசைபோட ஆரம்பித்துவிட்டது.

துலுக்காத கிடாயைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை, பூசாரிக்கும் தெரியவில்லை. மாமன்தான் முதலில் வாயைத் திறந்தார். "கெணத்துல ரண்டு சொம்பு மொண்டு ஊத்திப் பாப்பமுங்க, வெயிலுக்குக் கெடா கெறங்கிக் கெடக்குது."

கோயில் கிணற்றுத் தண்ணீர் பங்குனியிலும் பல்லைக் கூச வைக்கும். அப்பா நிமிர்ந்தார்.

"ஏனுங் மச்சான், ஆத்தா காவேரித் தீர்த்தத்துல கேட்டதுக்குப் பதில் சொல்லிப்போட்டா. அந்தப் பதில் நமக்கு ஒப்பலீன்னு கெணத்துத் தண்ணிய ஊத்தி அவளக் கட்டாயப்படுத்தறதுங்களா? நாளைக்கி எதாவது ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பொறுப்பு?"

சொன்னவர் கறுப்புச் சட்டைக்காரர். அதனால்தான் அது இடி மாதிரி விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா, மாமன் மகளை வீட்டைவிட்டு அனுப்பிய அதே மாமியார், கன்னத்தில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "வேண்டாமுங்க. ஆத்தா வேண்டாங்கறத மீறிச் செஞ்சா தறி அத்தனையும் நின்னு போயிரும்." பக்கத்தில் வெலவெலத்து நின்ற மருமகளின் தோளைத் தட்டி, "நீ எதுக்குப் புள்ள நடுங்கற? உன்ற மேலயும் குத்தமில்ல, உங்கப்பன் மேலயும் குத்தமில்ல. ஆத்தா வாக்கு" என்றார். மாமன் மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததைப் பார்த்தேன்.

கிடாய் எங்களோடு லாரியில் வீட்டுக்கு வந்தது. ஆத்தா வேண்டாம் என்ற கிடாயை வெட்டவும் கூடாது, விற்கவும் கூடாது. அது கிழடாகிச் சாகும்வரை எங்கள் கட்டுத்தறியில் இருந்து என் புத்தகங்களில் பாதியைத் தின்றது. அப்பா அதைத் தோழர் என்று கூப்பிட்டார்.

நான் படித்து முடித்தேன். பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானேன். கதை இங்கேயே முடிந்திருந்தால் அப்பா ஜெயித்தார் என்று சொல்லிவிடலாம்.

அப்பா கையால் ஊற்றினால் ஆத்தா உள்ளதை உள்ளபடி சொல்கிறாள் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. மற்றவர்கள் ஊற்றினால் கிடாய் சும்மா துலுக்கிவிட்டுப் போகிறது, இவர் ஊற்றினால்தான் அவள் யோசித்துப் பதில் சொல்கிறாள். கல்யாணம், போர் போடுவது, பங்கு பிரிப்பது எல்லாவற்றுக்கும் ஆள் வர ஆரம்பித்தது. அப்பா போய்ப் பச்சைத்தண்ணியை ஊற்றிவிட்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார். ஒருநாள் டீக்கடையில் பழைய ஞாபகத்தில், "சாமியாவது ஒண்ணாவது" என்று ஆரம்பித்தார். எதிரே மாமன் உட்கார்ந்திருந்தார். "அப்பறம் எப்புடிங் மாப்ளெ அன்னிக்கிக் கெடா துலுக்காம நின்னுச்சு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

அப்பாவிடம் அதற்குப் பதில் இருந்தது. அதைச் சொன்னால் அன்றைக்குச் சாயங்காலமே விஷயம் குமாரபாளையம் போய்விடும். மாமன் மகள் இரண்டு பிள்ளைகளோடு வாசலில் நிற்பாள். அப்பா டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தார். அதற்குப் பிறகு ஊருக்குள் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கறுப்புச் சட்டைகள் பெட்டிக்குள் போயின. ஆத்தா இவ்வளவு செய்தும் வண்டி மொட்டையாகவே ஓடுகிறதே என்று நாலு பேர் கேட்க ஆரம்பித்ததும், பெயின்டரைக் கூப்பிட்டு மஞ்சள் பலகையில் "ஆத்தா துணை" என்று எழுதச் சொன்னார். பெயின்டர் எழுதி முடிக்கும்வரை வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

அம்மாவிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு லீவுக்கு வந்தபோது, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவளிடம் குடத்தையும் இன்ஜின் மூடியையும் பற்றிச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன். உங்கப்பனுக்குச் சோத்துக் கேரியரு கட்டிக் குடுத்தவ நானு. அந்தச் சாக்கு மேல வெச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"ஆத்தா வேண்டாம்னு நெனச்சா. உங்கப்பன் கையால அங்க வெக்க வெச்சா. நடுவுல பூந்து நானென்ன சொல்றது?"

உள்ளே படுத்திருந்த அப்பா துள்ளி எழுந்து வந்தார். "நான் வெச்சேன். ஆத்தாளும் இல்ல ஒருத்தியும் இல்ல. நாந்தான் யோசன பண்ணி வெச்சேன்."

"ஆமாங்க, நீங்கதான் வெச்சீங்க" என்றாள் அம்மா, நிலாவை நான்தான் பிடித்தேன் என்று அடம்பிடிக்கிற குழந்தைக்குச் சொல்வதுபோல.

அப்பாவுக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அவர் ஊரை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கணக்கில் அவர் ஆத்தாளுக்கு வண்டி ஓட்டிய டிரைவர். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ தேற்றங்களை நிரூபித்துக் காட்டியவள் நான், அம்மாவின் அந்த ஒரு வரியைப் பொய்யென்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்பா என்னையும் முறைத்துவிட்டுத் தோழருக்குத் தழை போடப் போய்விட்டார்.

எண்பதுகளில் ஒரு கோடை லீவில், கொட்டகையில் பழைய மாயாஜாலப் படம் ஒன்றைத் திரும்பப் போட்டிருந்தார்கள். மூன்று பேரும் முதல் ஆட்டத்துக்குப் போனோம். அப்பா கடலை வாங்கினார். இரண்டு பெஞ்சு முன்னால் மாமன் இருந்தார். கோடைக்கு வந்திருந்த மாமன் மகளும் பிள்ளைகளும், அவர்களோடு அந்த மாமியாரும் இருந்தார்கள். திரையில் புகை வந்தது, சாமி வந்தது. சனம் எழுந்தது. அப்பா பழக்கதோஷத்தில் கால்மேல் கால் போடப் போனார். அதற்குள் எல்லோரும் அவர் பக்கம் திரும்பிவிட்டார்கள். கொட்டகைக்காரர் கற்பூரத் தட்டை நேராக அவரிடம் கொண்டுவந்தார்.

"நீங்க இருக்கறப்ப வேற ஆருங்க காட்டறது?"

அப்பா தட்டைப் பார்த்தார். முன்னால் எழுந்து நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்த மாமியாரைப் பார்த்தார். அந்த மாமியார் பக்கத்தில் நின்ற மாமன் மகளைப் பார்த்தார். கடலைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய், தட்டை வாங்கி, ஏதோ ஒரு நடிகருக்குக் கற்பூரம் காட்டினார். தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். எனக்காகவும் அவளுக்காகவும் அந்த மனுஷன் கொடுத்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுகையை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். அசுரன் வந்தான். எங்கே அந்தக் கடவுள் என்று கத்தினான். கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. அப்பா என் காதுப்பக்கம் குனிந்தார்.

"பாவம் அம்மிணி, இன்னிக்கி அவனுக்கு ஒருத்தரும் இல்ல."

சாமி நடமாடுகிற உலகத்தில் நாத்திகனுக்கு அர்த்தமே இல்லை என்று வருஷக்கணக்காக வாதாடியவள் நான். கடலைப் பொட்டலத்தை அம்மா மடியில் போட்டுவிட்டு எழுந்து நின்று கை தட்டினேன். விசிலும் அடித்துப் பார்த்தேன். காற்றுதான் வந்தது.